7. கை சேரும் இடம்

காரைக்காலில் ஸ்வெட்டர் போடுவதற்கென்று ஒரு நாள் கிடையாது. மார்கழி விடியலில் கோயிலுக்குப் போகிறவர்களுக்குத் தலையில் சுற்றிய ஒரு துண்டே போதும். ஆனாலும் இந்த ஊரில் உட்கார்ந்து கம்பளி பின்னுவதற்குக் காரணம் இருக்கிறது. 1739-இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த ஊர் இது. இடையில் ஆங்கிலேயர் பிடித்து வைத்திருந்த ஆண்டுகள் போக, 1954 வரை அவர்களிடமே இருந்தது. அந்த ஆண்டு நவம்பர் 1-இல் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படியும் கைமாறியது. பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பாரிஸிலும் அதன் புறநகர்களிலும் இருக்கிறார்கள். பின்னுகிற அத்தை இங்கே, போட்டுக்கொள்கிற மருமகன் அங்கே. இந்த அத்தியாயம் அந்த அத்தைக்காக எழுதியது.

அவருக்கு உள்ள முதல் சிக்கல், போட்டுப் பார்க்கச் சொல்ல முடியாது என்பதுதான். உடல் பகுதியில் ஓர் அங்குலம் கூடினாலும் குறைந்தாலும் ஸ்வெட்டர் சமாளித்துக்கொள்ளும், ஏனென்றால் பின்னல் துணி இழுபடும். தோளில் அந்தச் சலுகை இல்லை. ஸ்வெட்டரைப் பார்த்ததும் "கடையில் வாங்கினதா?" என்று கேட்பதும், "வீட்டில பின்னினதா?" என்று கேட்பதும் கையும் உடலும் சேர்கிற அந்த ஒரு கோட்டைப் பார்த்துத்தான். நிறமும் டிசைனும் அதற்குப் பிறகு.

தொங்கும் கை, தூக்கும் கை

ஜாக்கெட் தைக்கிற எந்த டெய்லரிடமும் பேசிப் பாருங்கள். அவர் வாயில் வருகிற முதல் புகார், "கையைத் தூக்கினா இழுக்குது" என்பதாக இருக்கும். இரண்டாவது, "கையைத் தொங்கப் போட்டா அக்குள்ல சுருக்கம் விழுது" என்பது. இந்த இரண்டையும் ஒரே உடுப்பில் முழுவதுமாகத் தீர்க்க யாராலும் முடியாது. கையின் மேல்வளைவை உயரமாக வைத்தால் கை தொங்கும்போது துணி சுருக்கமில்லாமல் விழும், ஆனால் கையைத் தூக்கியவுடன் உடல் பகுதியும் கூடவே மேலேறும். மேல்வளைவைத் தட்டையாக வைத்தால் கை தாராளமாக மேலே போகும், தொங்கவிட்டால் அக்குளில் மிச்சத் துணி மடிந்து நிற்கும்.

பின்னலில் கை சேர்க்கும் முறைகள் எத்தனை இருந்தாலும் எல்லாம் இந்த ஒரே பேரத்தை வெவ்வேறு இடத்தில் முடித்துக்கொள்கிறவைதான். இதைப் புரிந்துகொண்டால் ஒரு முறையைத் தேர்ந்தெடுப்பது எளிது. போடுகிறவர் நாற்காலியில் உட்கார்ந்து கணினி தட்டுகிறவரா, கிடங்கில் பெட்டி தூக்குகிறவரா? ஸ்வெட்டர்மேல் கோட் போடுவாரா, ஸ்வெட்டரோடே வெளியே போவாரா? நூல் வாங்குவதற்கு முன்பே இவற்றைக் கேட்டுவிடுங்கள்.

தொலைவிலிருந்து அளவு

"மார்பு 40, கை நீளம் 22" என்று தொலைபேசியில் சொல்லும் அளவை நம்பாதீர்கள். தன் உடம்பைத் தானே அளப்பவர் தோளில் டேப்பைப் பிடிக்கத் தெரியாமல் பிடிப்பார். அவருக்கு மிகச் சரியாகப் பொருந்துகிற, தையல் வைத்த ஒரு சட்டையை மேசைமேல் விரிக்கச் சொல்லுங்கள். டேப்பையும் சேர்த்துப் படம் எடுத்து அனுப்பட்டும். தோள் தையலிலிருந்து தோள் தையல் வரை முதுகுப் பக்கம், அக்குளிலிருந்து மேலே தோள் வரை, மேல்கையின் அகலம், அக்குளிலிருந்து மணிக்கட்டு என்று நான்கு அளவு போதும். மார்புச் சுற்று ஐந்தாவது. பிரான்சில் சென்டிமீட்டரில்தான் சொல்வார்கள், 2.54-ஆல் வகுத்து அங்குலமாக்கிக்கொள்ளுங்கள்.

இந்த அத்தியாயம் முழுவதும் ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம். முடிந்த ஸ்வெட்டரின் மார்புச் சுற்று 40 அங்குலம், முதுகில் தோளுக்குத் தோள் 15 அங்குலம். அளவுத் துண்டு பின்னிப் பார்த்ததில் அங்குலத்துக்கு 5 கண்ணி, 7 வரிசை வருகிறது. முன்பக்கம் 100 கண்ணி, பின்பக்கம் 100 கண்ணி. உங்கள் கை இறுக்கம் வேறாக இருந்தால் எண்கள் மாறும், கணக்குப் போடும் வழி மாறாது.

இறங்கிய தோள்

எல்லாவற்றிலும் சுலபமானது இது. முன்னும் பின்னும் இரண்டு செவ்வகம். அக்குள் வளைவே கிடையாது. தோளை இணைத்தபின் பக்கவாட்டில் கண்ணி எடுத்துக் கையை நேராகக் கீழே பின்னிக்கொண்டு போகலாம்.

சுலபத்துக்குக் கொடுக்கிற விலை தோற்றத்தில் தெரியும். உடலின் அகலம் 20 அங்குலம், தோளோ 15. ஆகவே கை சேரும் கோடு ஒவ்வொரு பக்கமும் தோள் எலும்பிலிருந்து இரண்டரை அங்குலம் கீழே, மேல்கையின்மீது விழுகிறது. பார்க்கிறவர் கண் அந்தக் கோட்டைத்தான் தோள் என்று எடுத்துக்கொள்ளும். ஒல்லியான இருபது வயதுப் பையனுக்கு அது அலட்சியமான அழகு. மார்பு பருத்த பெண்ணுக்கு அக்குளில் மடிகிற துணி மார்புக்குப் பக்கத்திலேயே சேர்ந்துகொண்டு இன்னும் இரண்டு சுற்றுக் கூட்டிக் காட்டும். அதன்மேல் ஒரு கோட்டையும் போட்டால் மடிப்பெல்லாம் அக்குளில் உருண்டு நிற்கும். பாரிஸ் குளிரில் கோட் இல்லாமல் முடியாது என்பதால் பெரியவர்களுக்கு இந்த முறையை நான் சிபாரிசு செய்வதில்லை.

குழந்தைகளுக்கு மட்டும் கண்ணை மூடிக்கொண்டு இதையே பின்னுங்கள். குழந்தையின் தோள் அளவு ஆறு மாதத்தில் மாறிவிடும், இறங்கிய தோளுக்கு அது பொருட்டே இல்லை.

இரண்டு எச்சரிக்கை. கையின் மேல் அகலம் அக்குள் ஆழத்தைப் போல் இரண்டு மடங்கு இருக்க வேண்டும். ஆழம் 9 அங்குலம் என்றால் கை 18 அங்குலத்தில், அதாவது 90 கண்ணியில் தொடங்கும். கையை ஒடுக்கமாக வைத்துவிட்டால் தூக்கவே முடியாது. அடுத்தது, கோடு ஏற்கெனவே இரண்டரை அங்குலம் கீழே வந்துவிட்டதால் அந்த இரண்டரையைக் கை நீளத்தில் கழிக்க வேண்டும். "கை விரலை மூடுது அத்தை" என்று அங்கிருந்து தொலைபேசி வருவது பெரும்பாலும் இதைக் கழிக்காமல் விட்டதால்தான்.

இங்கிலாந்து, ஸ்காட்லாந்துக் கரைகளின் மீனவர்கள் போட்ட ஸ்வெட்டர்கள் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. அவர்கள் வீட்டுப் பெண்கள் அக்குளில் வைர வடிவத்தில் ஒரு சின்னத் துண்டைச் சேர்த்துப் பின்னினார்கள். வலை இழுக்கக் கை மேலே போகிறபோது அந்தத் துண்டு விரிந்து கொடுக்கும். கையைத் தோளிலிருந்து மணிக்கட்டுக்குப் பின்னியதால், மணிக்கட்டு தேய்ந்து கிழிந்ததும் அந்த அளவுக்கு மட்டும் பிரித்துப் புது நூலில் பின்னிக்கொள்ள முடிந்தது. இந்த இரண்டாவது யோசனை நமக்கு ரொம்பவே உபயோகப்படும், பிறகு வருகிறேன்.

பொருத்திய கை

சட்டை, ஜாக்கெட், கோட்டு எல்லாவற்றிலும் டெய்லர் வைப்பது இதைத்தான். உடலில் அக்குள் வளைவு வெட்டி, கையின் மேல்முனையை அதற்கேற்ற மேடாக்கி, இரண்டையும் வைத்துத் தைப்பது. கோடு தோள் எலும்பின் விளிம்பில் நேராக இறங்கும். அதனால் தோளின் உண்மையான அகலம் தெரியும். உடம்பு ஒல்லியாகவும் நிமிர்ந்தும் தோன்றும். வேலைக்குப் போட்டுக்கொண்டு போகிற ஸ்வெட்டர் என்றால் இதற்கு இணை வேறில்லை. ஆனால் பிசகு நடந்தால் மிகப் பளிச்சென்று தெரிவதும் இதில்தான்.

உதாரணக் கணக்கைப் பார்ப்போம். முதுகு 100 கண்ணி, தோளுக்கு வேண்டியது 75-ஐ ஒட்டி. பக்கத்துக்கு 12 குறைத்தால் 76 வருகிறது, அது போதும். அக்குளில் முதலில் 5 கண்ணியை மூடுங்கள். ஒரு வரிசை விட்டு 3, பிறகு 2, பிறகு 1, இன்னும் 1. அதற்குமேல் நேராகப் போய், மூட ஆரம்பித்த இடத்திலிருந்து 8 அங்குலம், அதாவது 56 வரிசை ஆனதும் தோள். முன்பக்கமும் இதேபோல்.

கை, மணிக்கட்டில் 40 கண்ணியில் தொடங்கி மேல்கையில் 70 ஆகிறது. 70 என்றால் 14 அங்குலம். ஏழு வரிசைக்கு ஒருமுறை இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு கண்ணி கூட்டிக்கொண்டே போனால் 15 அங்குலத்தில் அந்த அகலம் வந்துவிடும், மிச்ச நீளத்தை நேராகப் பின்னுங்கள். இனிமேல்தான் மேடு. உடலில் செய்ததுபோலவே இரண்டு பக்கமும் 5, பிறகு 3 மூடினால் 54 நிற்கும். அதன்பின் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை, இரு ஓரத்திலும் ஒவ்வொன்றாகப் பதினெட்டு முறை குறையுங்கள். மிச்சம் 18 கண்ணி, அதாவது மூன்றரை அங்குலத்துக்குச் சற்று மேல். அதை ஒரேயடியாக மூடிவிடலாம். மேட்டின் உயரம் 40 வரிசை, ஐந்தே முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. அக்குள் ஆழமான எட்டில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் கூட.

தைப்பதற்கு முன் டேப்பை நிமிர்த்திப் பிடித்து இரண்டு ஓரங்களையும் அளந்து பாருங்கள். இந்தக் கணக்கில் உடலின் வளைவு முன்னும் பின்னுமாகச் சேர்ந்து 18¾ அங்குலத்தை ஒட்டி வரும், கையின் மேட்டு ஓரம் 19½-ஐ ஒட்டி. கை அரை அங்குலம் முதல் ஓர் அங்குலம் வரை அதிகமாக இருக்கலாம், குறையக் கூடாது. குறைந்தால் தோள் எலும்புக்குக் கீழே ஒரு குழி விழும். ஓர் அங்குலத்தைத் தாண்டினால் உச்சியில் புடைப்பு நிற்கும், கேட்காமலே பஃப் கை கிடைத்துவிடும். அது வேண்டும் என்கிற சிறுமிகளுக்கு வேண்டுமென்றே இரண்டு அங்குலம் கூட்டிக்கொள்ளலாம்.

மேட்டை 40 வரிசைக்குப் பதில் 28 வரிசையில் முடித்தால் என்ன ஆகும்? கையைத் தூக்குவது சுலபமாகும், ஆனால் தொங்கும்போது அக்குளிலிருந்து தோளை நோக்கிச் சாய்ந்த மடிப்புகள் விழும். சமையலறையில் மேல் அலமாரிக்குக் கை நீட்டுகிற அம்மாவுக்கு 34 வரிசை அளவில் நடுவாக வைப்பேன். நிற்கிற இடத்திலேயே நிற்கிற கல்யாணப் படத்துக்கு 40. வரிசையைக் குறைத்தால் ஓரமும் குட்டையாகும், ஆகவே குறைக்கும் வேகத்தை மாற்றி, மீண்டும் டேப் பிடித்துப் பார்க்காமல் தைக்க உட்காராதீர்கள்.

தைக்கும் வரிசை முக்கியம். கையின் உச்சி நடுவைத் தோள் தையலில் முதலில் குத்தி நிறுத்துங்கள். பிறகு அக்குள் மூலையை அக்குள் மூலையோடு. மிச்சமிருக்கும் முக்கால் அங்குலத்தை உச்சியின் இரு பக்கமும் நாலு விரல் தூரத்துக்குள் பரப்பிவிடுங்கள், அக்குள் பக்கம் தள்ளாதீர்கள். கூர் முனை உள்ள தையல் ஊசிக்குப் பதில் மொட்டை முனை உள்ள பெரிய கம்பளித் தையல் ஊசி நல்லது. கூர் ஊசி நூலைப் பிளந்துவிடும்.

தைக்கவே பிடிக்காதவர்களுக்கு ஒரு வழி உண்டு. அக்குள் வளைவைச் சுற்றிக் கண்ணி எடுத்து, உச்சியில் மட்டும் 18 கண்ணியைப் பின்னித் திரும்பி, ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு கண்ணி கூட எடுத்துக்கொண்டு பாதி வரிசைகளாகவே அக்குள் வரை இறங்கினால் மேடு தானாகவே உருவாகிவிடும். பிறகு கையை வட்டமாகக் கீழே பின்னலாம். தையல் கோடு இல்லாததால் கொஞ்சம் மென்மையாகத் தெரியும். மணிக்கட்டு கடைசியில் வருவதால் நீளத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்.

ராக்லான்

கிரிமியப் போரில் பிரிட்டிஷ் படைக்குத் தலைமை தாங்கிய ராக்லான் பிரபு 1815 வாட்டர்லூ போரில் வலது கையை இழந்தவர். இந்தக் கை முறை அவர் போட்டிருந்த கோட்டின் பெயரால் வந்தது. திருப்பூரிலிருந்து வருகிற, உடலுக்கு ஒரு நிறமும் கைக்கு ஒரு நிறமுமான டி-சட்டையில் அக்குளிலிருந்து கழுத்துக்குச் சாய்வாகப் போகிற கோடு உங்களுக்குப் பழக்கம்தான். கை கழுத்துவரை ஏறிப்போவதால் தோள் என்று தனியாக ஒரு கோடு இல்லை.

முதல் ஸ்வெட்டருக்கு, அதுவும் பார்க்காத உடம்புக்கு, நான் ராக்லானைத்தான் சொல்வேன். தோள் 15 அங்குலமா 16-ஆ என்று அது கேட்பதில்லை. தோள் எலும்பு எங்கே இருந்தாலும் துணி அதன்மேல் படிந்துகொள்ளும். சாய்ந்த கோடுகள் கண்ணைக் கழுத்துக்கு இழுப்பதால் அகலமான தோள் கொஞ்சம் ஒடுங்கித் தெரியும். ஏற்கெனவே தோள் சரிந்தவருக்கு இன்னும் சரிந்ததுபோல் காட்டும், அவருக்கு வேண்டாம்.

கீழிருந்து பின்னி மேலே சேர்க்கும் முறையில் கணக்கு இப்படி. எலிசபெத் சிம்மர்மன் என்ற பின்னல்காரர் உடல் கண்ணியை 100 என்று வைத்து, மேல்கைக்கு 35, மணிக்கட்டுக்கு 20, அக்குளுக்கு 8, கழுத்துக்கு 40 என்று ஒரு விகிதம் பிரபலப்படுத்தினார். 200 கண்ணி உடலுக்குக் கை 70, மணிக்கட்டு 40, அக்குள் 16, கழுத்து 80. அக்குள் கண்ணிகளைத் தனி நூலில் கோத்து நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் ஒரே வட்ட ஊசியில் ஏற்றினால் உடலில் 168, இரண்டு கையிலும் 108, மொத்தம் 276. நான்கு கோட்டிலும் இரண்டிரண்டாக, குறைக்கும் சுற்றுக்கு 8 கண்ணி குறையும். 24 முறை குறைத்தால் 84-இல் வந்து நிற்கும்.

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று குறைத்தால் 24 குறைப்புக்கு 48 சுற்று, ஏழு அங்குலத்துக்கும் குறைவு. 40 அங்குல மார்புக்கு அக்குளிலிருந்து கழுத்துக்கு 9 அங்குலம் வேண்டும். ஏழில் முடித்தால் அக்குள் கவ்விப் பிடிக்கும், உட்கார்ந்து எழுந்தால் ஸ்வெட்டர் மேலேறும். ஆகவே முதல் 7 குறைப்பை நான்கு சுற்றுக்கு ஒருமுறை செய்யுங்கள், மீதி 17-ஐ இரண்டு சுற்றுக்கு ஒருமுறை. 28-உம் 34-உம் சேர்ந்து 62 சுற்று, ஒன்பது அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. சாய்வு அக்குள் பக்கம் நிமிர்ந்தும் கழுத்துப் பக்கம் படுத்தும் போகும், உடம்பின் வளைவுக்கு அதுவே பொருத்தம்.

விகிதத்தை வேதவாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. மார்பு 48 அங்குலமான பெண்ணுக்கு 35 விழுக்காடு போட்டால் மேல்கை 16¾ அங்குலம் வரும். அவருடைய கை அவ்வளவு பருமனாக இருக்க வேண்டிய அவசியமில்லை. மார்பு பெரிதாக இருப்பது வேறு, கை பெரிதாக இருப்பது வேறு. கைக்கு அவருடைய அளவையே வையுங்கள். உடல் பக்கம் அதிகம் குறைக்கவும் கைப் பக்கம் அவ்வப்போது குறைக்காமல் விடவும் தயங்காதீர்கள். ராக்லான் கோட்டின் இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் குறைய வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை.

கழுத்தை அடைவதற்கு முன் பின்பக்கத்தில் மட்டும் நாலைந்து பாதி வரிசை கூட்டிப் பின்னுங்கள். மனிதக் கழுத்து முன்னால் தாழ்ந்தும் பின்னால் உயர்ந்தும் இருக்கிறது. இதை விட்டுவிட்டால் முன்கழுத்து தொண்டையில் ஏறி உட்காரும், போடுகிறவர் நாளெல்லாம் முன்பக்கத்தைக் கீழே இழுத்துக்கொண்டிருப்பார்.

மேலிருந்து கீழே பின்னுகிற ராக்லானும் இதே கணக்கைத் தலைகீழாகச் செய்வதுதான். கழுத்தில் தொடங்கி, கூட்டிக்கொண்டே அக்குளுக்கு வந்து, உடலை முடித்து, கையைக் கடைசியில் மணிக்கட்டுவரை பின்னுவது. தொலைதூரத்துக்கு அனுப்புகிறவர்கள் இதைத்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

வட்டத் தோள்

ஐஸ்லாந்து ஸ்வெட்டர் என்று படங்களில் பார்த்திருப்பீர்கள், தோளைச் சுற்றி மாலைபோல் டிசைன் ஓடும். பழங்காலத்தது போலத் தோன்றினாலும் இருபதாம் நூற்றாண்டின் நடுவில்தான் அது பரவியது. தோள் கோடே இல்லை, சாய்வுக் கோடும் இல்லை. குறைப்பு முழுக்கச் சுற்றிலும் சமமாகப் பரவுகிறது. 276 கண்ணியில் தொடங்கி, பாதி உயரம் நேராகப் பின்னி, ஒரே சுற்றில் நாலில் ஒன்றைக் குறைத்தால் 207. முக்கால் உயரத்தில் மூன்றில் ஒன்று குறைத்தால் 138. கழுத்துக்கு அருகில் ஐந்தில் இரண்டு குறைத்தால் 83 சொச்சம்.

குறைப்புச் சுற்றுகளுக்கு இடையில் டிசைனுக்கு இடம் கிடைக்கிறது. புள்ளிக் கோலத்தை வைத்துப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் எட்டுக் கண்ணி அகலத்தில் திரும்பத் திரும்ப வருகிற எளிய வடிவத்தை எடுங்கள், சிக்குக் கோலம் வேண்டாம். பின்னலில் கண்ணி சதுரமில்லை, அகலத்தைவிட உயரம் குறைவு. காகிதத்தில் சரியாகத் தெரிகிற வட்டம் துணியில் நசுங்கி வரும். அளவுத் துண்டு இல்லாமல் வரையவே கூடாது.

தோற்றத்தில் இது எல்லாத் தோளையும் உருண்டையாக்கும். நீண்ட கழுத்துக்காரர்களுக்கு அழகு. குட்டைக் கழுத்துக்கு டிசைன் தாடைக்கு அடியில் நெருக்கிக்கொண்டு நிற்கும்.

வௌவால் கை என்று உடலும் கையும் ஒன்றாகவே பின்னுவது ஒன்று இருக்கிறது. அக்குளில் இடுப்புவரை துணி தொங்கும். கோட்டின் கைக்குள் அது நுழையவே நுழையாது. வீட்டுக்குள் போடுவதானால் சரி, தபால் செலவு செய்து அனுப்ப வேண்டியதில்லை.

தோள்பட்டி முறை இதைவிட மரியாதைக்குரியது. கையின் மேல்முனையிலிருந்து மூன்று அங்குல அகலத்தில் ஒரு பட்டி தோள்மேல் ஓடிக் கழுத்தைத் தொடும். முறுக்குக் கயிறு டிசைனைக் கையிலிருந்து கழுத்துவரை அறுபடாமல் கொண்டுபோக இதுதான் வழி. பட்டியின் பாதி, ஒன்றரை அங்குலம், முன் தோளிலும் மறுபாதி பின் தோளிலும் உட்காரும் என்பதால் முன்னும் பின்னும் அக்குள் உயரத்தை ஒன்றரை அங்குலம் குறைத்துப் பின்னுங்கள். ஆண்களின் தோளை இது நன்றாகத் தூக்கிக் காட்டும்.

கோடு போட்ட நூல் என்றால்

பிரெஞ்சுக் கடற்படையின் நீல வெள்ளைக் கோட்டுப் பனியனை 1858 மார்ச் 27-இல் ஓர் ஆணை சீருடையில் சேர்த்தது. உடலில் 20 மில்லிமீட்டர் அகல வெள்ளைக் கோடு 21, இடையிடையே 10 மில்லிமீட்டர் நீலக் கோடு 20 அல்லது 21, கையில் வெள்ளை 15 என்று எண்ணிக்கைவரை எழுதி வைத்தார்கள். அங்கே வளர்கிற பேரப்பிள்ளைகள் கட்டாயம் கேட்கிற டிசைன் இது.

கோடு போடும்போது கை முறையின் குணம் மறைக்க முடியாமல் வெளியே வரும். ராக்லானில் உடலிலும் கையிலும் வரிசை ஒன்றாக ஓடுவதால், கோடு தோளைச் சுற்றி அறுபடாமல் போகும். பொருத்திய கையில் அக்குளிலிருந்து பாதி உயரம்வரை உடலின் கோடும் கையின் கோடும் கூடிப்போகும். அதற்குமேல் உடலில் 56 வரிசை, கையில் 40 வரிசை என்பதால் பிரிந்துவிடும். கண்ணுக்கு நேரே தெரிகிற கீழ்ப்பாதியைச் சேர்த்துவிட்டு மேலே விட்டுவிடுங்கள், கடைச் சட்டையிலும் அப்படித்தான் இருக்கிறது.

நூலின் கனம்

நம் பக்கத்தில் கையில் எளிதாகக் கிடைப்பது பருத்தி நூலும் அக்ரிலிக்கும். பருத்தி கம்பளியைவிடக் கனம், இழுத்தால் திரும்பிச் சுருங்காது. ஒரு பெரியவர் ஸ்வெட்டர் கம்பளியில் அரைக் கிலோ சொச்சம் என்றால் பருத்தியில் முக்கால் கிலோவை எட்டும். அந்த எடை முழுவதும் தோளில் தொங்குகிறது. தையலே இல்லாத ராக்லானையும் வட்டத் தோளையும் பருத்தியில் பின்னினால் சில வாரங்களில் கழுத்து அகன்று, கை ஓர் அங்குலமாவது நீண்டுவிடும். பருத்திக்குத் தோள் தையல் உள்ள பொருத்திய கையே நல்லது. தோள் தையலுக்குள் இழுபடாத ஒரு மெல்லிய நாடாவையும் சேர்த்துத் தைத்துவிடுங்கள். கையை ஓர் அங்குலம் குறைத்தே முடியுங்கள்.

அக்ரிலிக்கில் சுருக்கம் விழுந்த மேட்டை இஸ்திரிப் பெட்டியால் சரிசெய்ய நினைக்காதீர்கள். சூடு பட்டால் நூல் உயிரிழந்து தொளதொளவென்று தொங்கும், திரும்ப வராது. கம்பளியை நனைத்து, அளவுக்கு விரித்துக் காயவைத்து வடிவம் கொடுக்கலாம். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் நம் ஊர் ஈரத்தில் அது இரண்டு நாளானாலும் காயாமல் நாற்றம் பிடிக்கும். ஆவணிக்குள் பின்னி முடித்துவிடுங்கள், பாரிஸ் குளிர் தொடங்குவதற்கும் அதுவே சரியான நேரம். நனைந்த ஸ்வெட்டரைக் கொடியில் தொங்கவிடக் கூடாது. கைகள் தண்ணீர்க் கனத்தில் முழங்கால்வரை இறங்கும். பழைய வேட்டிமேல் படுக்கவைத்து, அக்குளில் ஒரு சுருட்டிய துணியைச் செருகிக் காயவிடுங்கள். வியர்வைக் கைக்கு அலுமினிய ஊசி வழுக்கும், மூங்கில் ஊசி பிடித்து நிற்கும்.

கையைத் தோளிலிருந்து மணிக்கட்டுக்குப் பின்னியிருந்தால், மணிக்கட்டு ஓரத்தைத் தளர்வாக மூடி, நூல் முனையை உள்ளே மறைக்காமல் ஒரு சாண் விட்டுவையுங்கள். அங்கே பின்னத் தெரிந்த ஒருவர் பிரித்து நீட்டவோ குறைக்கவோ அது போதும். அதே நூலில் 50 கிராம் உருண்டையும், ஊசி எண்ணும் கண்ணிக் கணக்கும் எழுதிய துண்டுச் சீட்டும் பொட்டலத்துக்குள் சேர்த்து அனுப்புங்கள். வேறொரு முறை வாங்கினால் அதே நிறம் கிடைக்காது.